ஐம்பத்து நாலு அறைப் பெட்டி

இருந்தவர்கள் மூவர். இடம் சின்னக் காஞ்சிபுரம். 1972, ஆவணி மாதத்து ஒரு பிற்பகல். ஜாதகப் பொருத்தம் பார்த்து எழுதும் பாஷ்யம், ஊஞ்சலில். அவர் தம்பி மகள் குமுதவல்லி, புது மரப்பெட்டிக்கு முன்னால் பாயில். தபால்காரர் கலியன், உள்ளே ஒரு காலும் வாசலில் ஒரு காலுமாக.

— எட்டு நாள் வேலைடி இது. எட்டு நிமிஷத்துல ஆகுமோ?

— எட்டு இல்லே பெரியப்பா, ஆறு. இதோ, ரெண்டு ஜாதகம் எடுத்தாச்சு.

— நீ மூட்டையையே பிரிக்கலையே!

— இனிமே மூட்டையே கெடையாது. ரெண்டாயிரத்து நானூறு ஜாதகத்தையும் வந்த தேதிப்படி கட்டி வெச்சிருந்தேள். ஒண்ணு வேணும்னா அத்தனையும் பிரிக்கணும். இப்போ நட்சத்திரத்துக்கு ஒரு அறை. பையன்களுக்கு இருபத்தேழு, பொண்களுக்கு இருபத்தேழு. எந்த நட்சத்திரத்துக்கு எந்தெந்த அறையைப் பார்க்கணும்னு மூடியில எழுதி ஒட்டிட்டேன். மத்த அறைப் பக்கம் கையே போக வேண்டாம்.

— யோசனை என்னுது சாமி. எங்க ஆபீசுல தெருவுக்கு ஒரு பொந்து வெச்சிக்கினுதானே தபால் பிரிக்கிறோம்? இந்த அம்மா வந்து பாத்துக்கினு போச்சு. மறுநாளே மயில்வாகன ஆசாரி தறி வேலைய வுட்டுட்டு பொட்டி அடிக்க ஒக்காந்துட்டான்.

— அப்போ இந்தப் பெட்டியால நடக்கற முதல் கல்யாணத்துல முதல் பந்தி உனக்குத்தான்டா.

— பந்தி இருக்கட்டும் சாமி. நாலரைக்குப் பையக் கட்டிடுவாங்கோ. பதில குடுத்தா போய்க்கினே இருப்பேன்.

— யாருக்குடி பதில்? மத்யானம் வந்ததே, அந்த பிலாய்க் கடுதாசிக்கா?

— ஆமாம். பாச்சாவோட அம்மா, இப்போ பிள்ளையோட பிலாய்லதானே இருக்கா, அவ எழுதினது. பிள்ளைக்கு முப்பத்தஞ்சு ஆயிடுத்து, எதைச் சொன்னாலும் வேண்டாங்கறான், இந்த வருஷமாவது முடிச்சுடணும்னு எழுதியிருக்கா.

— நம்ம சன்னிதித் தெரு பாச்சா. பூரட்டாதி. எனக்குப் பெட்டியும் வேண்டாம், மூடியும் வேண்டாம். எல்லாம் மனப்பாடம்.

— உத்திரட்டாதி.

— யார்கிட்டே சொல்றே?

— நானும் பூரட்டாதி அறையிலேதான் போட்டிருந்தேன். இன்னிக்குக் கார்த்தால கம்பியைக் காலி பண்ணினேன்.

— எந்தக் கம்பி?

— திருத்தம்னு வர கார்டையெல்லாம், அப்புறம் ஏத்திக்கலாம்னு குத்தி வைப்பேளே, அந்தக் கம்பி. நூத்திப் பதினோரு கார்டு. கல்யாணம் ஆயிடுத்துன்னு, ஊர் மாறிட்டோம்னு, பையன் போயிட்டான்னு. ஒண்ணுகூட ஜாதகத்துல ஏறலை. இனிமே வந்த அன்னிக்கே ஏத்திடணும், கம்பியே கூடாது.

— செத்தவனுக்குங்கூட பொருத்தம் பாத்துக்கினு இருந்தியா சாமி?

— வாயை மூடுடா. நீ சொல்லு, பாச்சா கார்டு அதுலயா இருந்தது?

— அடியோட அடியில. படிக்கறேன். "பிறந்த நேரத்தைத் தவறாகத் தந்துவிட்டோம். ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டு நாழிகை தள்ளி இருக்கிறது. அதன்படி நட்சத்திரம் உத்திரட்டாதி. மறுபடி பார்த்து ஒரு வரி பதில் எழுத வேண்டுகிறேன்."

— எப்போ போட்டது?

— இப்பிடி குடும்மா, முத்திரைய நான் பாக்கறேன். அறுபத்தொண்ணு, செப்டம்பர் நாலு. நான் வேலைக்கு வந்த புதுசு. நாந்தான் கொண்ணாந்து குடுத்திருப்பேன்.

— அறுபத்தொண்ணு... அந்த ஆனியிலதானே உனக்கும் அவனுக்கும் பார்த்தோம்?

— ஆமாம். நான் புனர்பூசம். பூரட்டாதியோட ரஜ்ஜுப் பொருத்தம் இடிக்கறது, வேண்டாம்னுட்டேள். உத்திரட்டாதின்னா இடிக்காது.

— அவன் அப்பா எழுதின கார்டா?

— இல்லே. அவரே எழுதினது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.

— இன்னா சாமி, ஊஞ்சலு நின்னு பூட்ச்சி?

— பதினோரு வருஷம்டி குமுதா. உனக்கு வந்த வரன் அத்தனையும் தட்டிப் போச்சேன்னு கிரகத்தைத் திட்டிண்டிருந்தேன்.

— கிரகம் தட்டலை. நாந்தான் தட்டினேன்.

— சரி, நடந்தது நடந்துடுத்து. இது வெளியில தெரிஞ்சா, பாஷ்யம் பார்த்த பொருத்தம்னு எவன் படியேறுவான்? கார்டு வரவே இல்லைன்னு இருக்கட்டும். அந்த ரெண்டு ஜாதகத்தையும் அவன் அம்மாவுக்கு அனுப்பிடு. ரெண்டு பொண்ணுக்கும் இருபத்திரண்டு வயசு. உனக்கு முப்பது ஆயிடுத்து, நாமாப் போய்க் கேட்டா நன்னாவா இருக்கும்?

— எழுதிண்டிருக்கேன் பெரியப்பா. பேச்சுக் குடுக்காதேங்கோ.

— கோவமா?

— அந்தப் பசைக் கிண்ணத்தை இப்படித் தள்ளுங்கோ.

— சீக்கிரம்மா, நாலு பத்து ஆயிப்போச்சு.

— ஒட்டியாச்சு. இந்தாப்பா கலியன், கையிலயே வெச்சுக்கோ. பையில போட்டு மத்ததோட கலந்துடாதே.

— பதினோரு வருசம் முன்னாடி குடுத்தத வுட பத்திரமா சேத்துடறேன். வரேன் சாமி. தள்ளுங்கபா, சைக்கிள் வருது!

— போயிட்டானா? ரெண்டையும் ஒரே கவர்ல வெச்சியே, கனம் தாங்குமோ? ஸ்டாம்பு பத்துமோ?

— ரெண்டு ஜாதகத்தையும் அதது அறையிலேயே திரும்பப் போட்டுட்டேன்.

— பின்னே அவன் அம்மாவுக்கு என்னத்தை அனுப்பினே?

— அவருக்கு எழுதினேன் பெரியப்பா. ஒரு வரிதானே கேட்டிருந்தார்: "தங்கள் கார்டு இன்றுதான் கைக்கு வந்தது, பொருந்துகிறது."