கிட்ட கீற எடம்

— அப்ப ஞாயித்துக்கிழம வளகாப்பு முடிஞ்சதும் எங்கம்மாகூட நான் கெளம்பக் கூடாது, அதான?

— கெளம்பக் கூடாதுன்னு சொன்னனா பவி? கொஞ்சம் யோசின்னேன்.

— தலப்பிரசவம்யா. தாய் ஊட்லதான் பாக்கணும். எங்கக்கா நாகவல்லிக்கு ரெண்டாவதையும் அம்மாதான் பாத்துச்சு. எனக்கு மட்டும் இன்னாவாம்?

— அதான் நானும் சொல்றேன். ஒங்கக்கா பச்சக் கொழந்தையோட இன்னும் அங்கதான் கீது. ஒங்கப்பா வேற கால ஒடச்சிகினு படுத்த படுக்க.

— அம்மா முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிச்சா? ஒனக்குப் பொண்டாட்டிய உட்டுட்டு இருக்க முடியல. அதச் சொல்லேன். இந்தா கீற வேப்பம்பட்டு, அம்பத்தூர்ல டிரெயின் ஏறினா வந்துடப் போற.

— முடியலதான். இல்லன்னா சொன்னேன்? ஆனா நேத்து எங்க ஆபீஸ்ல இன்னா நடந்துச்சு தெரியுமா?

— ஆரம்பிச்சிட்டியா சாமி! ஊட்டுப் பேச்சு பேசினா சர்வர் பேச்சு.

— கேளு தங்கம். டாக்டரப் பாக்க டோக்கன் போடற சைட்டு ஒன்னு எங்க கையில கீது. அம்பத்தூர்ல கொஞ்சம் சர்வர் கம்ப்யூட்டரு, பம்பாய்ல கொஞ்சம். யாரு போன்ல தொறந்தாலும், அவங்களுக்கு எது கிட்டயோ அங்க அனுப்பி உடணும்.

— சென்னைக்காரங்கள அம்பத்தூருக்கு அனுப்பு. இதுல இன்னா பெரிய வித்த?

— அனுப்பினோமே. நேத்து காலைல ஊரே ஜுரம்னு வந்து உழுந்துச்சு. அம்பத்தூரு திணறுது, பம்பாயி சும்மா ஈ ஓட்டிகினு கீது.

— பாதிய அந்தாண்ட திருப்பி உட வேண்டியதுதானே?

— அம்பத்தூரு முடியலன்னு சொன்னா சைட்டே தானாத் திருப்பிடும். அதுக்குதான் ‘கீறியா, கீறியா’ன்னு கேட்டுகினே இருப்போம். இது ‘கீறேன், கீறேன்’னே சொல்லிச்சு. அத நம்பி இன்னும் ஆளுங்கள அங்கயே தள்ளினோம். கடைசில மொத்தமா படுத்துடுச்சு.

— ஐயோ பாவம், ஜுரத்தோட கீற ஜனம். ஏன் அப்டி பொய் சொல்லிச்சு?

— பொய்யில்ல பவி. உயிரோட கீறியான்னுதான் கேட்டோம். இன்னும் எவ்ளோ தாங்குவேன்னு கேக்கல. இன்னிக்கு விடியக்காலைலதான் கேள்விய மாத்தி வெச்சோம். இன்னா, எதுக்கு அப்டி மொறைக்கிற?

— மொறைக்கல. போன எடு. எங்கம்மாவுக்குப் போட்டு ஸ்பீக்கர்ல வையி.

— அலோ, கண்ணு! சாப்ட்டியா? கால் வீக்கம் வடிஞ்சிச்சா? வளகாப்புக்கு எலுமிச்சம்பழம், புளி எல்லாம் வாங்கிட்டேன். மாப்ள கீறாரா?

— கீறேன் அத்த.

— எம்மா, நீ நல்லா கீறியா?

— எனக்கு இன்னா கண்ணு, கல்லு மாரி கீறேன்! நீ வா, எல்லாம் நான் பாத்துக்கறேன்.

— அது சரி. காலைலேர்ந்து எப்பம்மா ஒக்காந்த?

— ஒக்கார்றதா? கொழந்தையக் குளிப்பாட்டி, அக்காவுக்குப் பத்தியச் சோறு ஆக்கி, அப்பாவ எழுப்பித் தொடச்சி உட்டு... இதோ, ஒன் போனு வந்துச்சே, அதுக்குதான் ஒக்காந்தேன்.

— நீ சாப்ட்டியா?

— சாப்டணும்.

— மணி மூணாவுதும்மா!

— ஆவட்டும். நீ வந்துட்டா ஒன்கூட ஒக்காந்து ஒழுங்கா சாப்டப் போறேன்.

— எம்மா, நான் வரல. கோச்சிக்காத. எனக்கு ஆசதான், ஒன் கையால சாப்டணும்னு கொள்ள ஆச. ஆனா மனசு கேக்கல. இங்க அயனம்பாக்கத்துலயே பெத்துக்கறேன்.

— நான் லீவு போடறேன் அத்த. ரசம் வெக்க, துணி அலச, எல்லாம் கத்துக்கறேன்.

— மொதல்ல ரசத்துக்கு உப்பு போடக் கத்துக்கய்யா. எம்மா, இன்னாம்மா மூக்க உறியற? அழறியா?

— இல்ல கண்ணு. பெரிய மாப்ள தெனமும் சொல்லிகினுதான் கீறாரு, நான் வந்து மாமாவப் பாத்துக்கறேன், நீங்க கொஞ்சம் படுங்கன்னு. நாந்தான் உடல. மாப்ள, ஒன்னு கேட்டா தப்பா நெனக்க மாட்டீங்களே?

— கேளுங்க அத்த.

— எனக்குப் போவ தாய் ஊடுன்னு ஒன்னு இல்ல. வளகாப்பு முடிஞ்சதும் ரெண்டு நாளு நான் ஒங்க ஊட்லயே படுத்துக்கட்டா?