எங்கள் அறையின் அக்காவுக்கு, எதிர்த்து விழுந்த ஒரு வாக்குடன்

அறத்தை ஆராய்ந்து அதன்படியே நடந்தவரே! அதிகாரத்தை அஞ்சாமல் கேள்வி கேட்டவரே! அரசியல் தத்துவத்தை ஆசிரியர் அறையின் மேசைக்கு இறக்கி வைத்தவரே! அன்பு அக்கா!

இந்த நான்கு விளிகளும் தமிழய்யாவின் கட்டளை. இந்தக் கல்லூரியில் ஓய்வு பெற்றவர்கள் எல்லோருக்கும் பாராட்டு மடல் எழுதியவர் அவர். இம்முறையும் புதுப் பேனாவோடு தயாராக இருந்தார். ஆனால் எங்கள் அறையில் வேலைகளைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிடுவது நீங்கள் கொண்டுவந்த வழக்கம். சாக்பீஸ் டப்பாவில் பெயர்களைப் போட்டுக் குலுக்கினோம். என் பெயர் வந்தது.

"கெமிஸ்ட்ரி எழுதற மடலா? அதுல உப்பு இருக்கும், உவமை இருக்காதே" என்றார் தமிழய்யா.

"சீட்டு சொன்னா சொன்னதுதான் ஐயா" என்றீர்கள். "எழுதத் தெரிஞ்சவங்களே எழுதிக்கிட்டிருந்தா மத்தவங்க எப்பத்தான் கத்துக்கறது?"

முதல் நான்கு வரிகளாவது 'அ'வில் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் விட்டுக்கொடுத்தார். நிபந்தனை நிறைவேறியது. இனி வருவது எனக்குத் தெரிந்த தமிழ்.

வேதியியல் துறையின் கூரை ஒழுகியதால் நாங்கள் உங்கள் அறைக்கு வந்தோம். ஒரு மாதம்தான் என்றார்கள். கூரை சரியாகி வெகு நாளாகிறது. நாங்கள் திரும்பிப் போகவில்லை. ஆய்வகத்தை ஒட்டிய எங்கள் பழைய அறையில் ஒழுங்காக ஓடும் மின்விசிறி உண்டு, அலமாரி உண்டு, அமைதியும் உண்டு. உங்கள் அறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சண்டை உண்டு. நாங்கள் சண்டையைத் தேர்ந்தெடுத்தோம்.

அந்தச் சண்டைக்கு நீங்கள் இரண்டே விதிகள் வைத்தீர்கள். எந்தக் கட்சிக்காகப் பேசுவது என்பதைச் சீட்டு முடிவு செய்யும். எதிராளி சொன்னதை, அவரே தலையாட்டும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் மறுத்துப் பேசலாம். எதையும் எதிர்ப்பதால் 'எதிர்க்கட்சி' என்று நாம் அழைக்கும் வரலாற்று ஆசிரியருக்கு ஒருமுறை தொடர்ந்து ஆதரவுச் சீட்டாகவே வந்தது. அவர் தலைவலி என்று விடுப்பு எடுத்துக்கொண்டார்.

நல்ல மனிதர் இல்லாமல் நல்ல சட்டம் மட்டும் போதுமா, பெரும்பான்மை தவறு செய்தால் யார் தடுப்பது, பிறந்த இடம் என்ற விபத்துக்காக ஒருவர் பட்டினி கிடக்கலாமா என்றெல்லாம் அந்த மேசையில் பேசினோம். கழுவாத தேநீர்க் கோப்பைகளும் அதே மேசையில்தான் இருந்தன. அவற்றை யார் கழுவுவது என்பதில் தொடங்கி நீங்கள் அறம் பேசினீர்கள். "யாரும் பாக்காதப்ப கழுவினா அது குணம். எல்லாரும் பாக்கும்போது கழுவினா அது தேர்தல்" என்றீர்கள். மறுநாளிலிருந்து ஒருவரும் கோப்பையைப் பகிரங்கமாகக் கழுவத் துணியவில்லை. ஒரு வாரம் அறையே நாறியது.

நான் வந்த புதிதில் பேசமாட்டேன். வாயைத் திறப்பேன், அதற்குள் இன்னொருவர் தொடங்கிவிடுவார். நீங்கள் கையை உயர்த்தி, "இருங்க, அவ பேசி முடிக்கட்டும்" என்பீர்கள். நான் தொடங்கவே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அறை காத்திருக்கும். வேறு வழியில்லாமல் நான் பேசுவேன்.

பாராட்ட வந்த இடத்தில் ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் யாரையும் செல்லப்பிள்ளையாக வைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் எவ்வளவோ முயன்றோம். உங்கள் நாற்காலியின் ஆடும் காலைச் சரிசெய்தார் எதிர்க்கட்சி. உங்களுக்குப் பிடித்த இஞ்சி பிஸ்கட்டை வாங்கி வந்தேன் நான். நாற்காலி அந்த மாதமே சீட்டில் வேறொருவருக்குப் போனது. பிஸ்கட்டை அறையின் தலைகளை எண்ணி உடைத்தீர்கள். ஒருநாள் மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல, துறைத் தலைவர் குறுக்கிட்டார். நீங்கள் கையை உயர்த்தினீர்கள். "இருங்க, அவர் பேசி முடிக்கட்டும்" என்றீர்கள்.

அது என்னுடைய வாக்கியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று மதியம் முழுவதும் எனக்கு அந்த மின்விசிறியின் மேலேயே கோபமாக இருந்தது.

இப்போது இந்த ஆண்டின் பெரிய சண்டைக்கு வருகிறேன். நிர்வாகம் உங்களுக்கு இரண்டு ஆண்டுப் பணி நீட்டிப்பு தந்தது. அதே வாரத்தில் கடலுக்கு அப்பால், போரில் வீடிழந்தவர்கள் தங்கியிருக்கும் ஒரு முகாமிலிருந்தும் அழைப்பு வந்தது. முகாமை நடத்தத் தங்களுக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க அவர்கள் நினைக்கிறார்கள். எப்படிக் கூடுவது, எப்படி வாதிடுவது, தோற்றவர்களோடு எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று சொல்லித்தர ஆள் வேண்டுமாம். நீங்கள் போகக்கூடாது என்று அறை முழுவதும் கூச்சல் போட்டது.

"அப்ப நம்ம முறைப்படி விவாதிச்சு ஓட்டுப் போட்டுருங்க. நான் கட்டுப்படறேன்" என்றீர்கள்.

டப்பா குலுங்கியது. 'இருக்க வேண்டும்' என்பது தமிழய்யாவுக்கு. 'போக வேண்டும்' என்பது எனக்கு.

தமிழய்யா எழுந்தார். "அறம்னா மொதல்ல பக்கத்துல இருக்கறவங்களுக்குச் செய்யறது. பெத்தவ பட்டினியா இருக்க, ஊருக்குப் பந்தி வைக்கறவனை யாராவது நல்லவன்னு சொல்வாங்களா? நன்றின்னு ஒண்ணு இருக்கு, பழகின பாசம்னு ஒண்ணு இருக்கு. அதெல்லாம் நற்குணம் இல்லையா? முகம் தெரியாதவங்களை நேசிக்கறது சுலபம்யா. அவங்க நம்ம டம்ளர்ல டீ குடிக்க மாட்டாங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. விதிப்படி நான் அதைத் திருப்பிச் சொன்னேன். எனக்கு அது கடினமாகவே இல்லை. மனசில் இருந்ததும் அதுதானே. "என்னைவிட நல்லாச் சொல்றியேம்மா" என்று தலையாட்டினார் தமிழய்யா.

பிறகு மறுக்க வேண்டியிருந்தது. "தராசுக்குப் பக்கத்துல நிக்கறதால யாருக்கும் எடை கூடாது" என்றேன். அடுத்த வாக்கியத்தைத் தேடினேன். நீங்கள் கையை உயர்த்தும் முன்பே அறை காத்திருந்தது. "நாம பக்கத்துல இருக்கோம், அவ்வளவுதான். இந்த முடிவு அவங்களையும் பாதிக்குது. ஆனா அவங்க இந்த அறைக்கு வர முடியாது. வர முடியாதவங்களுக்கு ஓட்டு இல்லைன்னா, இது ஜனநாயகமா? கதவைச் சாத்திக்கிட்டு நம்மளை நாமளே எண்ணிக்கறதா?"

"இதை எதிர்க்க எனக்கே ஒண்ணும் வரலையே" என்றார் எதிர்க்கட்சி, பயந்துபோய்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நல்லா மாட்டிக்கிட்ட" என்று மட்டும் சொன்னீர்கள்.

வாக்குகளை நூலகர் எண்ணினார். எல்லாச் சீட்டிலும் 'போகட்டும்'. ஒன்றில் மட்டும் 'இருக்கட்டும்'. அத்தனை பேரும் தமிழய்யாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"சத்தியமா நான் இல்ல! வாதத்துல தோத்துட்டு ஓட்டுல அழுகுணி ஆட்டம் ஆடுவேனா?" என்று அவர் துடித்தார்.

"ரகசிய வாக்கு. யாரும் கேக்கக்கூடாது, யாரும் சொல்லணும்னு அவசியமும் இல்ல" என்று முடித்துவிட்டீர்கள். அன்றிலிருந்து பாவம், அந்தப் பழி அவர் தலையில். தேநீர் ஊற்றும்போதுகூட "ஐயாவுக்கு இருக்கட்டுமா, போகட்டுமா?" என்றுதான் கேட்கிறோம்.

மேடையில் நின்று படிக்க எனக்குத் தைரியம் இல்லை என்பதால், இந்த மடலை இப்போது உங்கள் முன் படித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். முன்கூட்டிக் காட்டச் சொன்னார். நான் காட்டவில்லை. ஐயா, அடுத்த வரியை மட்டும் கொஞ்சம் உரக்கப் படியுங்கள்: அந்த ஒரு வாக்கு தமிழய்யாவினுடையது அல்ல, அது என்னுடையது.

அக்கா, நான் சொன்ன வாதம் சரி. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்த நானேதான் 'இருக்கட்டும்' என்றும் எழுதினேன். எங்கள் ஆய்வகத்தில் இரண்டு அளவுகள் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் குறித்துவைப்போம். பிடிக்காததை அழிக்க மாட்டோம். அதனால்தான் இதையும் குறிக்கிறேன்.

நீண்ட காலம் நலமாக இருங்கள். முழங்காலுக்கான தைலத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் தண்ணீரும் காற்றும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளட்டும். பிஸ்கட்டை அங்கேயும் எண்ணித்தான் உடைப்பீர்கள், அதைத் தடுக்க எங்களால் முடியாது.

அங்கே, கூட்டத்தின் கடைசியில், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொள்ளும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் கையை உயர்த்துவீர்கள். அவளுக்காக அத்தனை பேரும் காத்திருப்பார்கள். அவளை எனக்கு இப்போதே பிடிக்கவில்லை.

ஆனாலும் அக்கா, அவள் பேசி முடிக்கட்டும்.

உங்களை வழியனுப்பும்
ஆசிரியர் அறையினர் அனைவரும்,
ஒரு வாக்கு எதிர்த்து.