முன் வரிசையில் ஒரு சேர்

"என் மக என்னையப் புஸ்தகத்துல சாவடிச்சுப்போட்டா அம்மணி."

பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து இப்படி ஒரு குரல் வந்தால் யாரால் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? பேசிய அம்மாளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பட்டுச்சேலை கட்டியிருந்தார். பக்கத்தில் பூக்கூடையோடு இருந்தவர் பதறிப்போனார்.

"ஏனுங்க அக்கா, பியானோ வாசிக்கற பாப்பாவா?"

"அவளேதான். இப்பக் கதையும் எழுதறா. மொதக் கச்சேரிக்கு முந்தியே அம்மா செத்துப்போச்சுன்னு எழுதி வெச்சிருக்கறா."

"உசுரோட இருக்கறவங்கள அப்படி எழுதலாமுங்களா?"

"பாத்து வெச்ச மாப்பிள்ளைய வேண்டாம்னுபோட்டு பியானோ படிக்கப் போனா. அந்தக் கோவத்துல நான் அந்தக் கச்சேரிக்குப் போகவே இல்ல. உசுரோட இருந்தும் அம்மா வரலைன்னு எழுத அவளுக்கு மனசு வரலையாட்ட இருக்குது."

கிணத்துக்கடவு தாண்டியதும் அந்த அம்மாளே தொடர்ந்தார்.

"கதையில அந்தப் புள்ள எங்க வாசிச்சாலும் முன் வரிசையில அம்மாளுக்குன்னு ஒரு சேரைக் காலியாப் போட்டு வெக்கறா. நெசத்துலயும் அப்படித்தானாம். போய்ப் பாத்தவங்க சொன்னாங்க."

"இன்னைக்குக் கச்சேரிக்குத்தான் போறீங்களா அக்கா?"

"ஆமா. அவகிட்டச் சொல்லல."

உக்கடத்தில் இறங்க எழுந்தவர், கம்பியைப் பிடித்தபடி மறுபடி குனிந்தார்.

"ஏன் அம்மணி, அந்தச் சேர்ல நான் போய் உக்காந்தா, எந்திரிக்கச் சொல்லுவாங்களா?"