சிவப்புத் துணி கட்டிய வளைவு

என் பெயர் ஹோம்நாத் சாப்கோட்டா, வயது ஐம்பத்து நான்கு, தகப்பனார் காலஞ்சென்ற ரிஷிராம். நேபாளம், தமௌலி கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். தெருத்தெருவாகச் சுமந்து விற்று உண்டாக்கிய கடை. காவல் அதிகாரி கேட்டதன் பேரில் சொல்வதாவது:

மழைக்காலத் தொடக்கத்தில், நெடுஞ்சாலையில் மண் சரியும் வளைவின் இரு முனைகளிலும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். எதற்கென்று எழுதி வைக்கவில்லை. எங்கள் மலைப்பாதைகளில் சிவப்புத் துணி தெரிந்தால் அங்கே தேவி இருக்கிறாள் என்று அர்த்தம். வண்டிகள் நின்று சில்லறை போட்டுப் போயின. அதன் பிறகு குங்குமம் வந்தது, மணி வந்தது. என் கடையில் சிவப்புத் துணி நன்றாகப் போனது. வியாபாரிக்கு அது சந்தோஷம்தான்.

சம்பவத்தன்று நானும் என் மனைவி மைனாவும், பூர்ண குருங் ஓட்டிய பேருந்தில் நாராயண்காட் போய்க்கொண்டிருந்தோம். வளைவு வந்ததும் மைனா எழுந்து, "தம்பி, ஓரங்கட்டுப்பா, தேவிக்கு ஒரு துண்டு கட்டிட்டு ஓடி வந்துடறேன்" என்றாள்.

"அக்கா, போன தடவையும் இப்படித்தான் ஓடுனீங்க, டீயே ஆறிப்போச்சு" என்றார் அவர்.

பின்சீட்டில் ஒருவர், "நிறுத்துப்பா, அவங்க கும்பிடறதாலதான் உன் பிரேக்கு பிடிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூர்ண குருங் நிறுத்தினார்.

முழங்கால் வலியால் நான் இறங்கவில்லை. அவள் மூங்கிலில் முடிச்சுப் போடும்போது மேலிருந்து மண் வந்தது. அதன் பிறகு அங்கே மூங்கில் இல்லை. ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்த்து அது மைனாதான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கையில் சுற்றியிருந்த துணியின் கரையைப் பார்த்து, எங்கள் கடைச் சரக்கு என்று சொன்னேன்.

அங்கு வந்த சாலைப் பொறியாளர், துணிகளைக் கட்டியது தங்கள் துறைதான், இரு துணிகளுக்கும் நடுவில் எந்த வண்டியும் நிற்கக்கூடாது என்பதுதான் மழைக்காலத் திட்டம் என்றார்.

"யார்கிட்ட சொன்னீங்க சார்?" என்று கேட்டேன்.

"திட்டத்துல தெளிவா இருக்குங்க" என்றார்.

தடை செய்த இடத்தில் நிறுத்தியதாகப் பூர்ண குருங் காவலில் இருக்கிறார். தானாகவே நிறுத்தியதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று பார்க்கப் போனபோது, "அண்ணே, செத்தவங்க பேரை எதுக்குக் கேஸ்ல இழுக்கணும், விடுங்க" என்றார்.

அவர் சொன்னது பொய். நிறுத்தச் சொன்னது என் மனைவி. அவளும் அங்கே தேவி இருக்கிறாள் என்று நம்பித்தான் சொன்னாள். அவள் பெயரை எழுதிக்கொண்டு அவரை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஹோம்நாத் சாப்கோட்டா, மைனாவின் கணவர்.