அந்து போட்ட கேசரி

ரவையில் அந்து விழுவது யாருடைய குற்றமும் இல்லை. ராஜபாளையத்தில் என்னைப் போலப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எவனையும் கேளுங்கள், இதையேதான் சொல்லுவான்.

அந்துப்பூச்சிக்கு அழகு கிடையாது. சாம்பலும் பழுப்புமாக, சுவரில் உட்கார்ந்தால் உமி ஒட்டினாற்போல இருக்கும். சிறகு முளைத்தபின் அது எதையும் தின்பதில்லை. கல்யாணம், முட்டை, சாவு, அவ்வளவுதான். தின்பதெல்லாம் புழுவாக இருக்கும்போதே முடிந்துவிடும். பால் நிறம், பழுப்புத் தலை. ரவையை நூலால் கோத்து உருண்டை பிடித்து அதற்குள் குடியிருக்கும். வளர்த்துப் பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்தேன், வாயைத் துணியால் கட்டி.

என் மகள் செல்லக்கனிக்குத் தாய் இல்லை. எனக்கு வெந்நீர் எவ்வளவு சூடாக வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். எண்பத்துநாலில் தேவதானத்திலிருந்து முதல் வரன் வந்தது. "ஒரு மாசம் போகட்டும், நாள் பாத்துச் சொல்லுதேன்" என்றேன். முட்டையாக இருந்தால் கண்ணில் படாது. கூடு கட்டிவிட்டால் நெளியாது. புழுவுக்கும் முகூர்த்தம் உண்டு.

பெண் பார்க்க வந்த அன்று செல்லக்கனி ரவையைச் சலித்துத்தான் கேசரி கிண்டினாள். அவள் புடவை மாற்றப் போன நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா தட்டில் மட்டும் பாட்டிலிலிருந்து கொஞ்சம் சேர்த்தேன்.

"ஏய்யா, ஒம்ம மக கேசரிக்கு உசுரு குடுத்துருக்காளே" என்று அந்த அம்மாள் எழுந்துவிட்டாள்.

கூமாப்பட்டி வரனும் அப்படியே போனது. செல்லக்கனி அடுப்படியைத் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் புண்ணாக்கிக்கொண்டாள். "எங்கண்ணுக்கு மட்டும் ஏம்ப்பா தெரிய மாட்டேங்கு?" என்று அழுவாள். தலையைத் தடவிக் கொடுப்பேன். எனக்கு இளகிய மனசு.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வைகுண்டராஜ் வந்தான். மில் ஃபிட்டர். அவன் அம்மா புழுவைக் கண்டு தட்டைத் தள்ள, அவன் அதை இழுத்து, புழுவை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்றான்.

"சத்துதானம்மா. எங்க கேன்டீன்ல இதவிடக் கொழுத்ததுல்லாம் வரும்."

கதவுக்குப் பின்னால் செல்லக்கனி சிரித்தாள். அவள் அம்மா போனபின் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

"தம்பி, மறைக்க மனசு வரல. புழுவப் போட்டதே அவதான். ஒங்களப் பிடிக்கலன்னு நேர்ல சொல்லச் சங்கடப்பட்டுட்டா."

"சிரிச்சாளே, மாமா?"

"அதுக்குத்தான் சிரிச்சா" என்றேன்.

அவன் டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். வீட்டுக்கு வந்து, "அவனும் மத்தவன் மாதிரித்தான், ஏட்டி" என்றேன். அதன்பின் அவள் யார் முன்னாலும் போய் நிற்க மறுத்துவிட்டாள். தரகரும் எங்கள் தெருப் பக்கம் வருவதில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்தேழு. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாவம், இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஒன்றுதான் என் கவலை.