கதவைத் தட்டிவிட்டு வந்த சண்டை

மேடையில் மின்விசிறிக்குக் கீழே வசதியாக அமர்ந்திருக்கும் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் திரு. நல்லசிவம் அவர்களே! செயலாளர் திரு. இசக்கிதுரை அவர்களே! முன்வரிசையில் கண்ணீரோடு இருக்கும் ஸ்வர்ணலதா டீச்சரின் தங்கை கங்கா அவர்களே! மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே! உட்கார இடம் இல்லாமல் சன்னலோரம் நெருக்கிக்கொண்டு நிற்கும் மாணவ மாணவியரே! உங்கள் எல்லோருக்கும் கணக்கு வாத்தியார் சுடலைமணியின் வணக்கம்.

எனக்கு மூன்று நிமிடம்தான் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அவர் முக்கால் மணி நேரம் பேசினார். அதில் பாதி புதிய கட்டடத்தைப் பற்றி. மீதியில் டீச்சரின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். நான் இங்கே அழுவதற்குத்தான் வந்தேன். அந்தக் குறிப்பில் ஒரு வரியைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. இப்போது கோபம் மட்டும்தான் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

அந்த வரி என்ன? "உடல்நலம் கருதி, தமது சொந்த விருப்பத்தின் பேரில், உயர்நிலை வகுப்புகளில் வரலாறு கற்பிக்கும் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார்." இன்னும் சற்று நேரத்தில் இந்த வரியோடு சேர்த்து இரங்கல் தீர்மானம் நிறைவேறப் போகிறது. நாம் எல்லோரும் எழுந்து நின்று அதை ஆமோதிக்க வேண்டுமாம்!

ஸ்வர்ணலதா டீச்சர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் வகுப்பு முழுவதும் சேர்ந்து கேட்கும்: பார்த்ததா? கேட்டதா? யார் சொன்னது? பாடப்புத்தகம் சொன்னாலும் கேட்பார்கள். டீச்சரே சொன்னாலும் கேட்பார்கள். ஒருமுறை காரணித் தேற்றத்துக்கு என்னையும் கேட்டார்கள், "மாஷே, யாரு சொன்னது?" என்று. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், டீச்சரை எனக்குப் பல நாள் பிடிக்காது. என் பீரியடில் பத்து நிமிடத்தைத் தின்றுவிட்டுத்தான் வெளியே வருவார். கேட்டால், "சுடலைமணி சாரே, உங்க கணக்கு நாளைக்கும் அப்படியேதான் இருக்கும். போர்ச்சுக்கீசுக்காரன இப்ப விட்டா போயிருவான்" என்பார். ஆசிரியர் அறையில் அவரோடு சண்டை போடாதவர் யார்? என் காம்பஸை எடுத்துக்கொண்டு போய் வரைபடத்தில் குத்தி வைத்தார், இன்றுவரை அது திரும்பி வரவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக அவரைத் தேவதையாக்க நான் வரவில்லை. அந்த வேலையை மேடையில் இருப்பவர்கள் நன்றாகவே செய்துவிட்டார்கள்.

ஆனால் அவர் வகுப்பு எப்படி இருந்தது தெரியுமா? மைதானத்தில் சாக்பீஸால் ஒரு பெரிய கோட்டை. போர்ச்சுக்கீசுக் குழு வரையும். வரைந்து முடித்ததும் டச்சுக் குழு வந்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும். அடுத்து ஆங்கிலேயர் குழு. "எங்க கோட்டைய அழிக்காதீங்கடா" என்று பிள்ளைகள் நெஞ்சு வெடிக்கக் கத்துவார்கள். அந்த நேரம் பார்த்து டீச்சர் சொல்வார், "இப்ப எழுதுங்க. அழிச்சவன் என்ன எழுதுவான், அழிபட்டவன் என்ன எழுதுவான், ரெண்டையும் எழுதுங்க." பாடப்புத்தகத்தில் நாலு வரியில் முடிந்துபோகிற விஷயம் அது. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் கோட்டை கொச்சிக்குப் போனால் மதிலைத் தேடுகிறார்கள்!

பின்னே, அவரை ஏன் அந்த வகுப்பிலிருந்து எடுத்தார்கள்? உடல்நலமா? சொந்த விருப்பமா? பிள்ளைகளே, சத்தமாகக் கேளுங்கள். பார்த்ததா? கேட்டதா? யார் சொன்னது?

நன்றி. செயலாளருக்குக் கேட்டிருக்கும்.

நான் பார்த்தேன். கேட்டதைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். ஏனென்றால் அந்தச் சம்பவத்தில் பாதி ஆள் நான்தான்.

ஒன்பதாம் வகுப்பில் 'சான்றுகள்' என்று ஒரு பாடம். ஒரே நிகழ்ச்சியைப் பத்துப் பேர் பார்த்தால் பத்து விதமாக எழுதுவார்கள், அதிலிருந்து நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் பாடம். அதைச் சொல்லிக் கொடுக்க டீச்சர் ஒரு சண்டையைத் தயார் செய்தார். நான் வகுப்புக்குள் கோபமாக நுழைய வேண்டும், என் பீரியடைத் தின்றதற்காகக் கத்த வேண்டும். அவர் திருப்பிக் கத்துவார். மேசையில் இருக்கிற பூகோள உருண்டை கீழே விழும். நான் வெளியே போய்விட வேண்டும். உடனே பிள்ளைகள் எல்லோரும் பார்த்ததை எழுத வேண்டும். வசனம் முழுக்க டீச்சரே எழுதினார். எனக்குத் தனியாக நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, அந்தக் கோபம் என்னிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது.

நடந்தது. நான் கத்தினேன். அவர் கத்தினார். "போய்க் கமிட்டில சொல்லுங்க! கமிட்டியாவது மண்ணாவது!" என்றார். உருண்டை விழுந்து உருண்டது. நான் வெளியேறினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். டீச்சர் சிரித்தபடி எல்லோருக்கும் தாளைக் கொடுத்தார்.

எல்லாம் சரி. ஆனால் அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டி வேலையைப் பார்க்க வந்த தலைவர் நல்லசிவம் அவர்கள் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே நின்று கேட்டார். கேட்டவர் என்ன செய்தார்? உள்ளே வந்தாரா? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? நேராக ஆபீசுக்குப் போனார். மறுநாள் காலையில் டீச்சர் கையில் விளக்கம் கேட்கும் ஓலை!

டீச்சர் விளக்கினார். வசனத் தாளைக் காட்டினார். "இது பின்னாடி எழுதினதா இருக்கும்" என்றார்கள். இரண்டு பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. அலமாரியைத் திறந்து பிள்ளைகள் எழுதிய தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போனது. எந்தத் தாள்கள்? ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாக எழுதுவார்கள் என்று காட்டுவதற்காகவே எழுத வைத்த தாள்கள்! ஒருவன் டீச்சர் அழுதார் என்று எழுதியிருந்தான். ஒருத்தி சிரித்தார் என்று எழுதியிருந்தாள். உருண்டை தானாக விழுந்தது என்று சிலர், நான் தள்ளிவிட்டேன் என்று சிலர், டீச்சர் அதை என் தலையில் எறிந்தார் என்று ஒருவன். அந்தக் குவியலிலிருந்து இந்தப் பெரிய மனிதர்கள் எவற்றை எடுத்தார்கள் தெரியுமா? உருண்டையை எறிந்தார் என்ற தாளையும், கமிட்டியைத் திட்டினார் என்ற தாளையும் எடுத்தார்கள். மற்ற தாள்களை மூட்டை கட்டிவிட்டார்கள்.

வரலாற்றைத் திரிப்பது எப்படி என்று டீச்சர் ஒரு பாடம் நடத்தினார். அதே பாடத்தை நிர்வாகக் குழு செய்முறையாகவே நடத்திக் காட்டியது!

நான் சும்மா இருக்கவில்லை. ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன், "ஐயா, உருண்டையால் அடிபட்டதாகச் சொல்கிறீர்களே, அந்தத் தலை இதுதான், தடவிப் பாருங்கள்." செயலாளர் என்ன சொன்னார்? "கூட வேலை செய்ற டீச்சரக் காப்பாத்தப் பாக்குறீங்க மாஷே." அடிபட்டவனே அடிபடவில்லை என்கிறான், அவனை நம்ப மாட்டார்களாம். எழுதியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்களா? ஒரு பிள்ளையைக்கூடக் கேட்கவில்லை.

அந்தத் தாள்களில் ஒன்று அம்பிளி எழுதியது. இன்று களமசேரியில் கல்லூரியில் படிக்கிறாள். அதோ, தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அம்பிளி, நீ அன்றைக்கு எழுதியதை இந்தச் சபையில் சொல்லு. பயப்படாதே. உன்னை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நான் இப்போது கேட்கிறேன்.

எல்லோருக்கும் கேட்டதா? பின்னால் இருப்பவர்களுக்காக நான் திரும்பச் சொல்கிறேன். "இது நெஜச் சண்டை இல்லன்னு தோணுது. மாஷு கதவத் தட்டிட்டு, 'வரலாமா டீச்சரே'ன்னு கேட்டுட்டு உள்ள வந்தாரு. கோபமா வாற ஆளு கதவத் தட்டுமா?"

ஆமாம், தட்டினேன். முப்பது வருடப் பழக்கம், சண்டைக்குப் போகும்போதும் கை தானாகத் தட்டிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். டீச்சர் அந்தத் தாளை வகுப்பில் உரக்க வாசித்து, "இவதான்டா வரலாற்றாசிரியை" என்று சொன்னார். விசாரணைக் குழுவும் அதை வாசித்தது. வாசித்துவிட்டு, ஒரு பிள்ளை மட்டும்தான் இப்படி எழுதியிருக்கிறது என்று ஒதுக்கி வைத்தது.

பிறகு உத்தரவு வந்தது. வரலாறு கிடையாது. கீழ்வகுப்புகளுக்குக் கையெழுத்துப் பயிற்சியும் நூலகச் சாவியும். திருப்பூணித்துறையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'அ' வளைவைத் திருத்திவிட்டுப் போனார். போன மாதம் நெஞ்சுவலி வந்து இறக்கிற வரைக்கும் அந்த உத்தரவை யாரும் திரும்பப் பெறவில்லை. ஒருநாள் நூலகத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: "சாரே, என்ன ஹைஸ்கூல்லேருந்து எடுத்ததுகூடப் பரவாயில்ல. நானே விட்டுட்டுப் போனேன்னு பிள்ளைங்க நெனச்சிரக் கூடாது." அவருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். இன்று செயலாளர் வாசித்த குறிப்பில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்!

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மைக்கை அணைக்கச் சொல்கிறார் போலிருக்கிறது. அணைக்கட்டும். எண்பது பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த தொண்டை இது, மைக் வேண்டியதில்லை.

தலைவர் அவர்களே! உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அன்று நீங்கள் பார்த்தீர்களா?

என்ன சொல்கிறீர்கள்? "சத்தம் கேட்டுது மாஷே, அது போதாதா?"

பிள்ளைகளே, குறித்துக்கொள்ளுங்கள். பார்க்கவில்லை. கேட்டது, அதுவும் கதவுக்கு வெளியிலிருந்து. ஒரு டீச்சரின் வேலையைப் பறிக்க இது போதுமா? பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இதற்கு அரை மார்க்காவது கிடைக்குமா?

டீச்சர் பெயரில் ஸ்மார்ட் வகுப்பறை திறக்கப் போவதாக அறிவித்தீர்கள். சுவரில் திரை, திரையில் வீடியோ, பிள்ளைகள் கை கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். யாரும் கத்த மாட்டார்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், உங்களுக்கும் நிம்மதி. உயிரோடு இருந்தவரின் சாக்பீஸைப் பிடுங்கினீர்கள், செத்தவருக்குப் புரொஜெக்டர் வாங்கிக் கொடுக்கிறீர்கள்! அதில் அவர் பெயரை எழுதினால் என் கையால் நானே சுரண்டி எடுப்பேன். விளக்கம் கேட்கும் ஓலை எனக்கும் வரட்டும்.

தீர்மானத்தில் அந்த வரி இருக்கிற வரைக்கும் நான் எழுந்து நிற்க மாட்டேன். கங்கா அவர்களும் நிற்கப் போவதில்லை என்று நான் பேச எழுந்தபோதே என்னிடம் சொன்னார். "நிர்வாகக் குழு நேரில் பார்க்காமலும் யாரையும் கேட்காமலும் அவரை வரலாற்று வகுப்பிலிருந்து நீக்கியது" என்று எழுதுங்கள், உங்களுக்கு முன்னால் நான் எழுந்து நிற்கிறேன்.

இரங்கல் கூட்டம் என்றால் அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் முடிப்பார்கள். எல்லோரும் சொன்னீர்கள், எப்படித் தொடர்வீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கணக்கு, என்னுடையது. ஸ்வர்ணலதா டீச்சர் வருடக் கணக்காக என்னிடமிருந்து பத்துப் பத்து நிமிடமாகத் திருடிக்கொண்டிருந்தார். இனி திருட வேண்டாம் டீச்சரே! அந்தப் பீரியட் முழுவதையும் நானே தருகிறேன். இப்போது வரலாறு எடுக்கும் ஸுப்ரியா டீச்சர் ஒப்புக்கொண்டுவிட்டார். கை தூக்குங்கள் டீச்சரே, ஒளிய வேண்டாம். அன்றைக்கு நடந்த அதே சண்டையை இந்த வெள்ளிக்கிழமை அதே அறையில் திரும்ப நடத்துகிறோம். டீச்சரின் வசனத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டோம். "கமிட்டியாவது மண்ணாவது" என்பதும் இருக்கும்.

தலைவர் அவர்களே, நீங்களும் வாருங்கள். கடைசிப் பெஞ்சில் இடம் வைத்திருக்கிறோம். மற்ற பிள்ளைகளைப் போல உங்களுக்கும் ஒரு தாள் தருவோம், பார்த்ததை எழுதுங்கள். பிள்ளைகள் உங்கள் தாளையும் வாசிப்பார்கள், உங்களையும் அந்த மூன்று கேள்வி கேட்பார்கள். இந்த முறையும் நான் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவேன்.

நீங்களும் தட்டுங்கள். வராந்தாவில் நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள்.