திருப்பிப் போடு

எனக்குச் சாக்பீஸ் தூள் ஒத்துக்கொள்ளாது, ஐயா. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புதுக் கணக்குப் பாடத்துக்கு ஒரு வழிகாட்டி தந்தார்கள். தடித்த எழுத்தில் இருப்பதை நான் சொல்ல வேண்டும். சாய்ந்த எழுத்தில் இருப்பதைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். கிளிப்பிள்ளைப் பாடம்தான். ஆனால் வகுப்புக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாற்றிக்கொண்டேன். ஆப்பிள் கணக்கைப் பட்டன் கணக்காக்கினேன், பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

அறுபத்திரண்டாம் பக்கம், பின்னத்தால் வகுத்தல். 'திருப்பிப் போட்டுப் பெருக்கு' என்று ஐந்தாம் வகுப்பே கோரஸ் பாடியது, குட்டி வக்கீலைத் தவிர. தையல்காரம்மாவின் மகள் அவள். பட்டப்பெயர் நான் வைத்தது.

"ஏன் டீச்சர் திருப்பணும்?"

சாய்ந்த எழுத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. இருபத்தொரு வருடமாகத் திருப்பிப் போடுகிறேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. அவளே யோசித்து, "ஆறு மீட்டர் துணிய அரை அரை மீட்டரா வெட்டினா பன்னெண்டு துண்டு வரும். மீட்டருக்கு ரெண்டு. அதான் ரெண்டால பெருக்குறோமா?" என்றாள். வகுப்பு கை தட்டியது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அதன் பிறகு இன்னும் சில மாற்றங்கள். 'யாருக்காவது சந்தேகம் உண்டா?' என்ற வரியை அடித்துவிட்டேன். அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். அங்கே காற்று நன்றாக வரும். ஆண்டுத் தேர்வுத் தாளில் அதே ஆறு மீட்டர் கணக்குக்கு அவள் எழுதிய பன்னிரண்டை அழித்து மூன்று என்று எழுதினேன். இருபது கணக்கில் பதினாறை அப்படித் திருத்தினேன். பென்சில் எழுத்துதானே, சிரமமே இல்லை.

அவள் அம்மா தாளைப் பார்த்துவிட்டு, "வீட்ல நல்லாத்தான போடுறா டீச்சர்?" என்றார்.

"இது நான் போட்ட மூணு இல்லம்மா," என்றாள் அவள். "நான் மேல தட்டையாப் போடுவேன்."

"பொய் வேற சொல்றியா?" என்று அம்மா கன்னத்தில் அறைந்தார். நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன். பிள்ளைகளை அடிப்பது எனக்கு ஆகவே ஆகாது. "விடுங்கம்மா, எல்லாருக்கும் எல்லாம் வந்துடாது. இன்னொரு வருஷம் என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

இருந்தாள். சாயங்காலம் தனி வகுப்பும் எடுத்தேன், இலவசமாக. இப்போதெல்லாம் சின்னக் கூட்டலுக்கே விரல் விட்டு எண்ணுகிறாள். "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்பாள். முதுகைத் தட்டிக் கொடுப்பேன்.

அவள் அம்மா பழைய நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்கே வந்திருக்கிறார் போல, நீங்களும் விசாரிக்க வந்துவிட்டீர்கள். ஆமாம், ஐயா. அந்த வளைந்த மூன்றுகள் என்னுடையவைதான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

போன வாரம் ஒரு ஆசை வந்தது. அரைக்கு அவள் சொன்னது சரி. முக்காலால் வகுத்தாலும் ஏன் திருப்ப வேண்டும்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவளிடமே கேட்டேன். அவள் எழுந்து, கை கட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"தெரியல டீச்சர். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. எவ்வளவு நல்ல பிள்ளையாக ஆக்கியிருக்கிறேன்.